ஸ்க்ரூ ஸ்பேனர் எந்தப் பக்கம் திரும்பணும்?

1892-ல் ஸ்வீடன்காரர் யோஹான் பெட்டர் யோஹான்சன் காப்புரிமை பெற்ற ஸ்க்ரூ ஸ்பேனர் (நட்டு அளவுக்கு வாயைக் கூட்டிக் குறைக்கிற ஸ்பேனர்) வடிவம்தான் இன்னைக்கும் வேலூர் ஹார்டுவேர் கடைகள்ல கிடைக்குது. 8 இஞ்ச் வாங்கினா வாய் சுமார் 24 மி.மீ. விரியும், வீட்டுக்குப் போதும். வாங்கும்போது நகரும் தாடையை ஆட்டிப் பாருங்க, லொடலொடன்னா வேண்டாம்.

நட்டை வாயோட அடிவரைக்கும் விட்டு, தாடையை நகர்த்துற திருகை இறுக்கிட்டு, நகரும் தாடை இருக்கிற பக்கமா இழுக்கணும். அப்பதான் பாரம் நிலைத் தாடை மேல விழும். மாத்திப் பிடிச்சா வாய் விரிஞ்சு நட்டோட முனை மழுங்கிடும். நிறைய பேர் இப்படித்தான் நட்டைக் கெடுக்கறாங்க.

போர் மோட்டார் ஃபிளாஞ்ச்ல (குழாயை இணைக்கிற தட்டு) உப்புத் தண்ணியால துருப்பிடிச்ச நட்டா? மண்ணெண்ணெய் விட்டு ஊறவிட்டு, ரிங் ஸ்பேனர் (நட்டைச் சுத்திப் பிடிக்கிற வளைய வாய் ஸ்பேனர்) போடுங்க. ஸ்க்ரூ ஸ்பேனர் கைப்பிடியில பைப் செருகி நீட்டாதீங்க, தாடை தெறிக்கும். மாடியில வேலைன்னா கையுறை போடுங்க, நம்ம ஊரு வெயில்ல இரும்பு சுடும்.