பந்தய ரயில், மார்ச் 2025

மார்ச் 9, ஞாயிறு
ஊரிலிருந்து போன் இல்லை.

மார்ச் 10, திங்கள்
செல்ட்டனம் குதிரைப் பந்தயத்துக்குக் கூட்டத்தை ஏற்றிப் போகும் பழைய ரயிலில் தொண்டு வேலைக்கு நாலு நாளும் வர்றேன்னு பேர் கொடுத்தாச்சு. வீட்டில் உட்கார்ந்து போனையே வெறிச்சுப் பார்க்கிறதுக்கு இது தேவலை. அம்மாவைப் பார்க்க வரட்டுமான்னு கேட்டா அண்ணன் "இப்ப வர வேணாம், நான் சொல்றேன்" என்கிறான். எப்போ சொல்வான்?

மார்ச் 11, செவ்வாய்
வண்டி கிளம்பும் டாடிங்டன் ஸ்டேஷனில் காலையிலேயே கூட்டம். ட்வீட் கோட்டு, இறகு வைத்த தொப்பி, பத்தரைக்கே கையில் பீர். இந்தப் பழைய பெட்டிகளில் கதவு தானாகச் சாத்திக்கொள்ளாது. அறைந்து சாத்தணும். பித்தளைக் கைப்பிடி நேர்படுக்கையாக இருந்தால் சரி. கொஞ்சம் சாய்ந்திருந்தால் பாதிதான் பூட்டியிருக்கு. ஒவ்வொன்றாகப் பார்த்துக் கை காட்டினால்தான் கார்டு கொடி அசைப்பார். இன்று மூன்று சாய்ந்திருந்தன.

வின்ச்கூம் ஸ்டேஷன் தாண்டினதும் கிரீட் சுரங்கம். 693 கெஜம். 25 மைல் வேகத்தில் ஒரு நிமிஷம் சிக்னல் கிடையாது. எண்ணிக்கொண்டே நின்றேன்.

போகும்போது எல்லார் வாயிலும் கான்ஸ்டிடியூஷன் ஹில் என்கிற குதிரை. திரும்பும்போது அந்தப் பேரையே காணோம். அது விழுந்து, கடைசித் தடையில் ஸ்டேட் மேனும் விழுந்து, கோல்டன் ஏஸ் ஜெயித்ததாம், ஒன்று கட்டினால் 25 லாபம். ஒரு பாட்டி மட்டும் அதில் கட்டியிருந்தாள். அவள் நாய் பேர் ஏஸ். பெட்டி முழுக்க அவளை முறைத்தது.

அண்ணனுக்கு நானே கூப்பிட்டேன். "ட்யூப் எடுத்தாச்சு." நல்லதா கெட்டதா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

மார்ச் 12, புதன்
ட்யூப் எடுத்தாச்சுன்னா என்ன அர்த்தம்?

மார்ச் 13, வியாழன்
மோசமான நாள். குடித்த ஒருத்தன் ஓடுகிற வண்டியில் ஜன்னலை இறக்கி வெளியே கைவிட்டுக் கைப்பிடியைத் தேடினான். தமிழிலேயே கத்திவிட்டேன். உடனே உட்கார்ந்தான்! கூட நின்ற பெரியவர் சிரித்து அடங்க வெகுநேரமானது. அப்புறம் டீ ஊற்றிக் கொடுத்துப் பழைய கதை சொன்னார்: பந்தய மைதான ஸ்டேஷன் 1912-ல் திறந்தது, 1976-ல் ஒரு சரக்கு வண்டி தடம்புரண்டதோடு பாதையை மூடிவிட்டார்கள், தொண்டர்களே மறுபடி தண்டவாளம் போட்டு 2003-ல் அதுவரை வண்டி விட்டார்கள். இருபத்தேழு வருஷம். எனக்கு நாலு நாள் பொறுக்க முடியவில்லை.

சாயங்காலம் பெண்கள் பாதிப் பேர் செருப்பைக் கையில் பிடித்து வெறுங்காலோடு ஏறினார்கள். பெட்டியைக் கூட்டும்போது சீட்டுக்கடியில் ஒற்றைச் செருப்பு. பச்சை, குதிகால் நாலு அங்குலம். தொலைந்த பொருள் அறை பூட்டியிருந்தது. பையில் போட்டுக்கொண்டேன்.

அம்மா ஏதாவது குடித்தாளா என்று கேட்டு அனுப்பிய மெசேஜுக்கு நீல டிக் விழுந்திருக்கு. பதில் இல்லை.

மார்ச் 14, வெள்ளி
கடைசி நாளின் பெரிய பந்தயம், கோல்ட் கப். ஜெயித்த குதிரையின் பேர் ஐநோதவேயுவர்திங்கின். அதாவது, நீ என்ன நினைக்கிறேன்னு எனக்குத் தெரியும். அண்ணனுக்கு வைக்கவேண்டிய பேர்.

திரும்பும் வண்டியில் பாட்டு. கோதரிங்டன் தாண்டும்போது பாக்கெட் அதிர்ந்தது. எடுத்துப் பார்ப்பதற்குள் சுரங்கம். ஐம்பத்தெட்டு வரை எண்ணினேன். வெளியே வந்ததும் மிஸ்டு கால் இரண்டு. ஊரில் ராத்திரி மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. வின்ச்கூமில் கதவெல்லாம் பார்த்துக் கை காட்டிவிட்டுத்தான் கூப்பிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன்?

மார்ச் 15, சனி
ஹீத்ரோ. அந்தப் பச்சைச் செருப்பு பையிலேயே இருக்கு.