கீழே கடை, மேலே பள்ளிவாசல்

இஸ்தான்புல் போகிறவர்கள் எல்லோரும் நீலப் பள்ளிவாசல் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், எடுக்கட்டும். சுவரில் பதித்த வண்ண ஓட்டு வேலைப்பாடு பார்க்க ஆசை இருந்தால் எமினோனு சந்தைக்குள் இருக்கும் ருஸ்தம் பாஷா பள்ளிவாசலுக்குப் போங்கள் என்பேன். கண்டுபிடிப்பதுதான் பாடு. ஹசிர்ஜிலார் தெரு நெரிசலில் இடிபட்டுக்கொண்டே போனால் சுவரில் ஒரு சின்ன வாசல், உள்ளே இருட்டும் குறுகலுமாகப் படிக்கட்டு, ஏறி முடித்தால் சட்டென்று வெளிச்சமாக ஒரு திறந்த தளம்.

நாம் நிற்கிற அந்தத் தளத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் கடைகளும் கிட்டங்கிகளும்தான். தாழ்வான, இடநெருக்கடியான சந்தைப் பகுதி, தரையோடு கட்டியிருந்தால் கட்டடம் கண்ணுக்கே தெரிந்திருக்காது. அதனால் ஒட்டோமான் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான் வளைவுக் கூரை போட்ட கடைகளைக் கட்டி, அதன் தலைமேல் பள்ளிவாசலைத் தூக்கி வைத்துவிட்டார். கடை வாடகை வக்ஃபுக்கு, அதாவது பள்ளிவாசலின் அறக்கட்டளைக்குப் போகும், பராமரிப்புச் செலவும் அதிலேயே ஓடும் என்பது ஏற்பாடு.

இந்தக் கணக்கு ருஸ்தம் பாஷாவுக்குப் பொருத்தமானதுதான். ஒட்டோமான் சுல்தான் சுலைமானின் மருமகன், தலைமை வசீர் என்ற முதலமைச்சர், கஜானாவை நிரப்பியவர், பதவிகளை விலைக்கு விற்றார் என்ற கெட்ட பெயரும் சேர்த்தே வாங்கியவர். 1553இல் சுல்தானின் மகன் இளவரசர் முஸ்தபா கொல்லப்பட்டதும், இவர் சதிதான் என்று படை இவர்மேல் கொதித்தது. பதவி போனது, ஆனால் இரண்டே வருடத்தில் மனிதர் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டார்! 1561இல் இறந்தார், பள்ளிவாசல் முடிந்ததை அவர் பார்க்கவில்லை.

சரி, உள்ளே போவோம். எட்டு வளைவுகள் தாங்கும் ஒற்றைக் குவிமாடம், நான்கு மூலைகளிலும் அரைக்குவிமாடங்கள். அதையெல்லாம் கவனிக்க விடாமல் சுவர், தூண், மிஹ்ராப் என்ற தொழுகைத் திசை மாடம் என்று எங்கும் இஸ்னிக் ஊரின் மெருகிட்ட ஓடுகள்: வெள்ளைப் பின்னணியில் நீலம், பச்சைநீலம், துலிப், கார்னேஷன். பக்கத்தில் போய்ச் சாய்வாகப் பாருங்கள், அந்தத் தக்காளிச் சிவப்பு மட்டும் மெருகுக்கு அடியில் லேசாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். இரும்புச்சத்துள்ள களிமண்ணைக் கெட்டியாகத் தடவிச் சுட்டதால் வந்த புடைப்பு அது. அடுத்த நூற்றாண்டில் செய்த ஓடுகளிலேயே அந்தச் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிட்டது.

கொஞ்சம் அதிகப்படிதான், ஒப்புக்கொள்கிறேன், கண்ணுக்கு ஓய்வே இல்லை. 1557இல் முடிந்த சுல்தானின் சுலைமானியா பள்ளிவாசலில் இதே சினான் தொழுகைத் திசையில் இருக்கும் கிப்லா சுவரில் மட்டும் ஓடு பதித்து அடக்கி வாசித்திருக்கிறார். இங்கே சுவரெல்லாம் பாஷாவின் பணம் பேசுகிறது என்பது என் கணிப்பு.

கிளம்பும்போது முகப்பு மண்டபத்தில், வாசலுக்கு இடப்பக்கச் சுவரைத் தவறவிடாதீர்கள். அங்கே அடர் ஊதாவும் சாம்பல் பச்சையுமாக ஒரு பெரிய ஓட்டுப் பலகை இருக்கிறது, சிவப்பு புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய பாணி.