ஆறேகால் நயா பைசா

1957 ஏப்ரல்ல நயா பைசா வந்துச்சு. நான் அப்ப மூணாம் கிளாஸ். ரூபாய்க்கு 16 அணான்னு பிரம்படி வாங்கி மனப்பாடம் பண்ணி முடிச்ச நேரம். "இனிமே ரூபாய்க்கு 100. பழசை மறந்துடுங்கடா"ன்னுட்டார் வாத்தியார். கணக்கை மறக்கலாம், அடியை?

அன்னைக்கும் வேலியில கோவை இலை பறிச்சு, அடுப்புக்கரியோட கசக்கி சிலேட்டுல தேய்ச்சோம். காஞ்சதும் கன்னங்கரேல்னு ஆயிடும். உள்ளங்கையும்தான். அந்தக் கையாலேயே மதியச் சாப்பாடு. (காமராஜர் புண்ணியம். நான் பள்ளிக்கூடம் போனதே அதுக்குத்தான்.)

பெட்டிக்கடை ஆத்தா மட்டும் லேசுல மசியல. ஓரணான்னா ஆறேகால் நயா பைசா. ஆறு கொடுத்தா, "கால் எங்கடா?"ன்னு கேக்கும். கால் பைசாவுக்குக் காசே அடிக்கல ஆத்தான்னா நம்பாது. கடலைமிட்டாய் ஓரத்தை நகத்தால கிள்ளி எடுத்துக்கிட்டுத்தான் மீதியைக் கொடுக்கும்.