இரண்டு சீட்டுகளுக்கு நடுவே ஓர் இரவு

நாகர்கோவிலில் இயங்கும் எங்கள் சிறு மென்பொருள் குழுவில் ஆறு பேர் இருக்கிறோம். குலசேகரம் பக்கத்துச் சிறு ரப்பர் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்துக்கு, ரப்பர் பால் கொள்முதல் தொடங்கிப் பணப் பட்டுவாடா வரையிலான கணக்கை நடத்த ஒரு செயலி செய்து தருவதாக ஒப்புக்கொண்டோம். வழக்கம்போலத் தேவைகளைக் கேட்டு எழுதி, எக்செல் தாளில் 120-க்கும் மேற்பட்ட வரிகளாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் முன்னுரிமை எண் கொடுத்து, மேலிருந்து கீழாகச் செய்துகொண்டே வந்தோம். இரண்டு மாதம் கழித்துக் கொள்முதல் நிலையத்தில் அதை நிறுவியபோது எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் மூன்றாவது வாரம் நான் அங்கே போனபோது கணக்கர் பழைய நீளப் பேரேட்டில்தான் எழுதிக்கொண்டிருந்தார். கணினி உறை போட்டு மூடப்பட்டிருந்தது.

தவறு எங்கே என்று முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. ரப்பர் பாலுக்கு விலை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைச் சரியாகத்தான் கேட்டு எழுதியிருந்தோம். பாலின் எடைக்கு அப்படியே பணம் கொடுப்பதில்லை. அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்பதை டிஆர்சி என்பார்கள், அதைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். 40 கிலோ பாலுக்கு டிஆர்சி 35 என்றால் 14 கிலோ ரப்பர். அதே பாலுக்கு 32 என்றால் 12.8 கிலோதான். மழைநீர் கலந்தால் விழுக்காடு இறங்கிவிடும். இந்தச் சூத்திரம் எங்கள் திரையில் பிழையில்லாமல் வேலை செய்தது. எடையையும் டிஆர்சியையும் இட்டால் தொகை வந்துவிடும். ஆனாலும் அந்தத் திரையை யாரும் பயன்படுத்தவில்லை.

யூசர் ஸ்டோரி மேப்பிங் எனப்படும் பயனர் கதை வரைபடத்தை முயன்று பார்க்கலாம் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னது அப்போதுதான். பயனருக்கு என்ன வேண்டும் என்பதை ஓரிரு வரியில் சொல்லும் பயனர் கதை என்பதே 1990-களின் இறுதியில் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் உருவாக்க முறையோடு கென்ட் பெக் என்ற நிரலாளர் கொண்டுவந்த பழக்கம். தேவைகளை ஆவணமாக எழுதி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றுவதற்குப் பதிலாக, ஒரு சிறு அட்டையை நடுவில் வைத்து உட்கார்ந்து பேசுவதே அதன் நோக்கம். அந்த அட்டைகள் ஒரே நீளப் பட்டியலாகக் குவியும்போது முழுக்கதை கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது என்பதைக் கண்டு, அவற்றைச் சுவரில் இடமிருந்து வலமாக வேலை நடக்கும் வரிசையிலும், மேலிருந்து கீழாக விவரத்தின் வரிசையிலும் பரப்பிவைக்கும் முறையை ஜெஃப் பாட்டன் என்ற அமெரிக்கர் வளர்த்தெடுத்தார். இதை வாசித்துத் தெரிந்துகொள்ள அரை மணி நேரம் போதும். யாரை அழைப்பது, எந்த நேரத்தில் அழைப்பது என்பதைத் தீர்மானிக்கத்தான் எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

நேரம் என்பது இந்த வேலையில் சிறிய விஷயம் அல்ல. மரத்தில் பால் நன்றாக ஓடுவது குளிர்ந்த நேரத்தில் என்பதால், வெட்டுபவர்கள் விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்குகிறார்கள். பிறகு சிரட்டைகளில் சேர்ந்த பாலை எடுத்து நிலையத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க நண்பகல் நெருங்கிவிடும். எங்கள் வசதிப்படி காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்திருந்தால் கணக்கர் மட்டும்தான் வந்திருப்பார். பிற்பகல் இரண்டரை மணிக்கு, நிலையத்தின் பின்னறையிலேயே வைத்தோம். கணக்கர், டிஆர்சி பார்க்கும் அக்கா, இரண்டு ஏக்கர் தோட்டம் உள்ள ஓர் உறுப்பினர், வேறொருவர் தோட்டத்தில் பால் வெட்டும் ஓர் அண்ணன், எங்கள் பக்கம் மூன்று பேர் என ஏழு பேர் கூடினோம். சுவரில் பழுப்புத் தாளை நீளமாக ஒட்டினோம்.

இந்த முறையைக் கற்பிப்பவர்கள் வழக்கமாகத் தொடங்கிவைக்கும் பயிற்சியோடுதான் நாங்களும் தொடங்கினோம். காலையில் எழுந்ததிலிருந்து வேலைக்குப் போகும் வரை செய்தவற்றை ஒவ்வொருவரும் தனித்தனிச் சீட்டில் எழுதி, நேர வரிசையில் ஒட்ட வேண்டும். எங்கள் சீட்டுகளில் பல் துலக்குதல், குளியல், வடசேரி பேருந்து நிலையம் என்றெல்லாம் இருந்தன. பால் வெட்டும் அண்ணனின் முதல் சீட்டு கத்தியைத் தீட்டுவது, இரண்டாவது மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது. பிறகு, இன்று எழுந்திருக்கத் தாமதமாகிவிட்டது, கையில் கால் மணி நேரம்தான் இருக்கிறது என்றால் எவற்றை விடமாட்டீர்கள் என்று கேட்டு, நடுவில் ஒரு கோடு போட்டு, விட முடியாதவற்றை மட்டும் கோட்டுக்கு மேலே வைக்கச் சொன்னோம். கத்தி மேலேயே நின்றது. எந்த விளக்கமும் சொல்லாமலேயே, இந்தச் சுவரில் என்ன செய்யப்போகிறோம் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இந்தப் பயிற்சியை நேரம் வீணாகும் என்று தவிர்க்க நினைத்தவன் நான். தவிர்த்திருந்தால் அடுத்த மூன்று மணி நேரமும் நாங்கள் மட்டும் பேசி அவர்கள் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

அடுத்து முதுகெலும்பு. வேலையின் பெரிய படிகளை மேல் வரிசையில் வைத்தோம்: பால் வெட்டு, நிலையத்துக்குக் கொண்டுவருதல், எடை, மாதிரி எடுத்தல், டிஆர்சி பார்த்தல், விலை போடுதல், பட்டுவாடா. இடைவெளி சீராக இருக்கும்படி நான் அவற்றை அழகாக ஒட்டினேன். அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஆய்வக அக்கா எழுந்து வந்து, டிஆர்சி சீட்டைப் பிடுங்கி ஒரு முழம் தள்ளி ஒட்டினார். "இதுக்கும் இதுக்கும் நடுவுல ஒரு ராத்திரி இருக்கு தம்பி" என்றார்.

எங்கள் இரண்டு மாத உழைப்பு பேரேட்டிடம் தோற்றதற்கான காரணம் அந்த ஒரு முழ இடைவெளியில் இருந்தது. ஒவ்வொருவர் பாலிலிருந்தும் சிறிது மாதிரியை எண் எழுதிய குப்பியில் எடுத்து, அதில் குறிப்பிட்ட எடையை அளந்து, அமிலம் விட்டு உறைய வைத்து, மெல்லிய தகடாக அழுத்திக் கழுவி, ஆவனில் உலர்த்தி மறுபடி எடை போட்டால்தான் டிஆர்சி தெரியும். மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியால் உடனடியாகத் தோராய அளவை அறியலாம் என்றாலும், பணம் கொடுக்க இந்தச் சங்கத்தில் உலர்த்திப் பார்த்த அளவையே ஏற்கிறார்கள். அது மறுநாள்தான் வரும். நாங்களோ எடை போடும் திரையிலேயே டிஆர்சி கட்டத்தை வைத்து, அது நிரம்பாவிட்டால் பதிவை ஏற்காதபடி செய்திருந்தோம். எடைத்தட்டின் முன் வரிசையில் ஆட்கள் நிற்கும்போது கணக்கர் அதில் எதைத்தான் எழுதுவார்? சில நாள் பூஜ்யம் போட்டுப் பார்த்தார். பிறகு உறையைப் போட்டு மூடிவிட்டார். எங்கள் பட்டியலில் எடையும் இருந்தது, டிஆர்சியும் இருந்தது, சூத்திரமும் இருந்தது. அவற்றுக்கு இடையே கழியும் நேரத்துக்கு மட்டும் பட்டியலில் ஒரு வரி இல்லை.

அதன்பின் சுவர் வேகமாக நிறைந்தது. எடையையும் டிஆர்சியையும் இணைப்பது உறுப்பினரின் பெயர் அல்ல, குப்பி எண்தான் என்று தெரிந்தது. அப்படியானால் குப்பியில் எழுதிய எண் ஈரத்தில் அழிந்தால் என்ன செய்வீர்கள், குப்பி உடைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கக் கேட்க, அந்தச் சீட்டின் கீழ் ஒரு நீளமான வால் வளர்ந்தது. உடைந்தால் அவருடைய முந்தைய சில நாள் அளவுகளின் சராசரியைப் போடுவார்கள். இது எந்த விதிமுறைத் தாளிலும் எழுதப்படாத, ஆனால் எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம்.

பால் வெட்டும் அண்ணன் அதுவரை அதிகம் பேசவில்லை. பட்டுவாடா சீட்டின் அருகே வந்தபோது, பால் கொண்டுவருவது நான், பணம் போவது தோட்டக்காரருக்கு, அப்படியென்றால் எடைச்சீட்டை யார் கையில் தருவீர்கள் என்று கேட்டார். எங்கள் மென்பொருளில் "உறுப்பினர்" என்று ஒரே ஒருவர்தான் இருந்தார். உண்மையில் எடைத்தட்டின் முன் நிற்பவரும் வங்கிக் கணக்கு வைத்திருப்பவரும் பல நேரம் வேறு வேறு ஆட்கள். எடைச்சீட்டு வெட்டுபவர் கையிலும், குறுஞ்செய்தி உரிமையாளர் கைப்பேசிக்கும் போக வேண்டும் என்று இரண்டு சீட்டுகள் பிறந்தன. அவருடைய கேள்வி இல்லாமல் நாங்கள் அதை யோசித்திருக்க மாட்டோம் என்று உறுதியாகச் சொல்வேன். அதனால்தான் இந்தக் கூட்டத்துக்கு மேலாளர்களை மட்டும் அழைப்பது சரியல்ல என்று இப்போது எங்கு போனாலும் வற்புறுத்துகிறேன்.

கோடு போட்டுப் பிரிப்பது இரண்டாவது நாள் நடந்தது. அதுதான் கடினமாக இருந்தது. எடைப் பகுதியை முழுமையாக முடித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போவதே எங்கள் பழக்கம். இந்த முறையிலோ ஒவ்வொரு பெரிய படியிலிருந்தும் மிக எளிய ஒன்றை மட்டும் எடுத்து, இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை மெல்லியதாக, ஆனால் அறுபடாமல் முதல் வெளியீட்டைக் கட்ட வேண்டும். அலிஸ்டர் கோபர்ன் என்ற மென்பொருள் வல்லுநர் இதற்கு நடக்கும் எலும்புக்கூடு என்று பெயர் வைத்தார். சதை இல்லாவிட்டாலும் அது நடக்க வேண்டும். எங்கள் முதல் கோட்டுக்கு மேலே ஒரே ஒரு நிலையம், குப்பி எண்ணோடு எடை, மறுநாள் தனித் திரையில் டிஆர்சி, ரப்பர் வாரியம் வெளியிடும் அன்றாட விலையைப் பார்த்துச் சங்கம் தீர்மானிக்கும் விலையைக் கையால் இடுவது, வங்கிக்குக் கொடுக்க ஓர் அச்சுத்தாள் ஆகியவை மட்டும் நின்றன. வரைபடங்களோடு கூடிய மாத அறிக்கையை ஆசையாகச் செய்து வைத்திருந்த எங்கள் இளைய தோழர் அதைக் கீழே இறக்க நெடுநேரம் சம்மதிக்கவில்லை. இந்தக் கோடு முடிந்தால் யாருடைய எந்தச் சிரமம் நிற்கும் என்பதை ஒரே வாக்கியத்தில் கோட்டின் ஓரத்தில் எழுதச் சொன்னேன். "எடைச் சீட்டையும் டிஆர்சி ஏட்டையும் கணக்கர் இரவில் உட்கார்ந்து ஒப்பிட வேண்டியதில்லை" என்று அவரே எழுதினார். எழுதி முடித்ததும் அறிக்கைச் சீட்டை அவரே எடுத்துக் கீழே ஒட்டினார்.

ஐந்து வாரத்தில் அந்த மெல்லிய பதிப்பு நிலையத்தில் ஓடத் தொடங்கியது. முதல் வாரம் பேரேட்டிலும் கணினியிலும் இரண்டிலும் எழுதினார்கள். இரண்டு பட்டுவாடா ஒத்துப்போன பிறகு பேரேட்டை நிறுத்தினார்கள். வரைபடத்தைக் கணினிக் கருவி ஒன்றிலும் ஏற்றினோம், ஆனால் பேச்சு எப்போதும் தாளின் முன்னால்தான் நடந்தது. ஜூன் மழையின் ஈரத்தில் சீட்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்ததால் குண்டூசி குத்தினோம். முடிந்த சீட்டுகளில் தேதி எழுதினோமே தவிர, ஒன்றையும் எடுத்தெறியவில்லை. எடுத்திருந்தால் கதையில் ஓட்டை விழுந்திருக்கும்.

இப்போது மூன்றாவது கோட்டுக்குக் கீழே ஒட்டுப்பால் சீட்டுகள் காத்திருக்கின்றன. சிரட்டையிலும் வெட்டுப் பட்டையிலும் உறைந்து கிடக்கும் அந்த ரப்பரை இந்த நிலையத்தில் எடை போட்டுத் தனி விலைக்கு வாங்குகிறார்கள். அதற்குக் குப்பியும் இல்லை, நடுவில் இரவும் இல்லை. ஆகவே அது எங்கள் முதுகெலும்பின் நடுப்படிகளைத் தாண்டி நேராகப் பட்டுவாடாவுக்குப் போகிறது. அதை இதே வரிசையில் ஒட்டுவதா, கீழே தனி வரிசை இழுப்பதா என்பதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. வருடத் தொடக்கத்தில் ரப்பர் இலையுதிர்ந்து தளிர்க்கும் காலத்தில் வெட்டு நின்றுவிடும். அப்போது தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள், காலையிலேயே உட்காரலாம் என்று கணக்கர் சொல்லியிருக்கிறார்.