இரண்டு எடை, ஒரு பிபி சார்ட்

இரட்டைக் கர்ப்பத்தில் அம்மாவுக்குப் பிரஷர் ஏறுவதும், ஒரு குழந்தை எடையில் பின்தங்குவதும் பல நேரம் கூட்டாகவே வரும். இரண்டுக்கும் வேர் நஞ்சுக்கொடியில். எது முதலில் கண்ணில் பட்டாலும் மற்றதைத் தேட வேண்டும்.

இரு குழந்தைக்கும் நஞ்சு (நஞ்சுக்கொடி) ஒன்றா, இரண்டா என்பது 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். 'ட்வின்ஸ்' என்று மட்டும் எழுதி வருவது பாதி ரிப்போர்ட். ஒரே நஞ்சென்றால் 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். தனித்தனி என்றால் 20 வாரத்துக்குப் பின் நான்கு வாரத்துக்கு ஒன்று.

பெரிய குழந்தை 1600 கிராம், சிறியது 1150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 450. அதைப் பெரியதன் எடையால் வகுத்தால் 28 சதவீதம். சிறியதன் எடையால் வகுத்து 39 என்று எழுதி, வீட்டாரைக் கலங்கடிப்பதும் நடக்கிறது. 25 சதவீதத்தைத் தாண்டினால் தொப்புள்கொடி டாப்ளரை (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேனை) கவனமாகப் பார்க்க வேண்டும். ஒரே நஞ்சென்றால், கொடியில் ரத்தம் விட்டுவிட்டு ஓடும் வகை உண்டு. ஸ்வீப் வேகத்தை (திரையில் அலை நகரும் வேகத்தை) குறைத்து, கொடி நஞ்சில் சேரும் இடத்தருகே கொஞ்ச நேரம் பார்த்தால்தான் அது பிடிபடும்.

இன்னொரு வழுக்கல், குழந்தைகளுக்கு ரிப்போர்ட்டில் இடும் 'ஏ', 'பி' என்ற பெயர்கள் அடுத்த ஸ்கேனில் இடம் மாறிப்போவது. சிறியது திடீரென 'வளர்ந்துவிடும்'! வெளிநாடுகளில் பாலினத்தை வைத்து அடையாளம் காண்பார்கள். கருவின் பாலினத்தைச் சொல்லத் தடை விதிக்கும் நம் 1994 சட்டப்படி அதை எழுத முடியாது. 'இடப்பக்கம், கீழே, நஞ்சு முன்சுவரில்' என்று முதல் ஸ்கேனிலேயே எழுதி, அதையே தொடர்வதுதான் வழி.

பருத்த கைக்குச் சின்ன கஃப் (பிபி பார்க்கக் கையில் சுற்றும் பட்டை) கட்டினால் பிபி கூடுதலாகக் காட்டும். முதுகு சாய்த்து, ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 160/110 வந்தால் 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நிலைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போயாக வேண்டும். பிரஷரை இறக்கும் நிஃபெடிபின் 10 மில்லிகிராம் வாய்வழி கொடுத்து, 20 நிமிடம் கழித்துப் பார்ப்பது வழக்கம். ஆனால் 120/80-க்கு இறக்கிக் காட்டும் ஆசை வேண்டாம். பிரஷர் சடாரென விழுந்தால் நஞ்சுக்குப் போகும் ரத்தமும் குறையும். முதலில் தள்ளாடுவது அந்தச் சின்னதுதான். 140–150/90–100 போதும்.

பிரசவம் ஆனதும் கவனமெல்லாம் இன்குபேட்டர் பக்கம் போய்விடும். பிரஷர் மறுபடி உச்சம் தொடுவதோ மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள். அந்த நேரம் அம்மா படுக்கையில் இல்லை. பால் பீய்ச்சிக் கொடுக்கப் பச்சிளங்குழந்தை வார்டுக்குப் போயிருக்கிறாள். சார்ட்டில் மதியக் கட்டம் காலி.