கோச் கொண்டுவரும் பையன்கள்

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துச் சின்னப் பல்கலைக்கழகம் ஒன்றில், நிதியுதவி அலுவலகத்தில் 6 வருடம் குப்பை கொட்டினேன். மாணவர்கள் மொத்தமே ஆயிரத்துச் சொச்சம், அதில் நூறு பேருக்கு மேல் ஃபுட்பால் ஆடுகிறவர்கள். நம் ஊர் கால்பந்து இல்லை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதுகிற அமெரிக்க ஃபுட்பால். களத்தில் ஒரு நேரத்தில் ஓர் அணிக்கு 11 பேர்தான், அப்புறம் எதற்கு இத்தனை பேர்? நூலகக் கூரை ஒழுகிக்கொண்டிருக்க, மைதானத்துக்குப் புதுப் புல்தரை போட்டபோது எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

எங்களுடையது, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவுக் கல்லூரி. அங்கே விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூட உதவித்தொகை தரக் கூடாது. டிவியில் வரும் பெரிய பல்கலைக்கழகங்கள் பணத்தைக் கொட்டி ஆட்டக்காரர்களை இழுக்கும். இங்கே ஆட்டக்காரன் ஃபீஸ் கட்டிவிட்டு ஆட வருகிறான். குடும்ப வருமானம், மதிப்பெண் பார்த்து மற்ற மாணவர்களுக்குக் கிடைக்கிற உதவிதான் அவனுக்கும். ஆக, கோச் பத்துப் பையன்களைப் பிடித்துவந்தால் விடுதியில் பத்துக் கட்டில் நிரம்பும். என் சம்பளத்தில் ஒரு பங்கு அந்தப் பையன்களின் வீடுகளிலிருந்து வருகிறது என்பது எனக்கு உறைக்கவே மூன்று வருடம் ஆனது.

கோச் என்றால் விசிலும் கையுமாகக் கத்துகிற ஆள் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் துணை கோச் ஒருவர் காலையில் மைதானத்தில் வெள்ளைக் கோடு அடிப்பார், மதியம் சேறு அப்பிய ஜெர்சிகளை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டு அதன் மேலேயே லேப்டாப்பை வைத்து அடுத்த எதிரணியின் வீடியோவைப் பார்ப்பார், மெஷின் உதறும்போது லேப்டாப்பை ஒரு கையால் பிடித்துக்கொள்வார். சாயங்காலம், புதிதாகச் சேர்க்க நினைக்கிற பையன்களின் வீடுகளுக்கு ஃபோன். "அப்பாக்கள் ஆட்டத்தைப் பற்றிக் கேட்பார்கள், அம்மாக்கள் ஃபீஸைப் பற்றிக் கேட்பார்கள். நான் அம்மாக்களிடம்தான் முதலில் பேசுவேன்" என்பார்.

இதே மூன்றாம் பிரிவில் ஜாம்பவான்களும் உண்டு. எங்கள் மாநிலத்திலேயே மவுன்ட் யூனியன் பல்கலைக்கழகத்தில் கோச் லாரி கெரஸ் 27 பருவங்களில் 332 ஆட்டம் ஜெயித்து, 24 மட்டுமே தோற்று, 11 முறை தேசியக் கோப்பையை எடுத்தார். மினசோட்டாவின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் 1953 முதல் 2012 வரை கோச்சாக இருந்த ஜான் கலியார்டி பயிற்சியில் ஆளை வீழ்த்தவே விடமாட்டார், விசில் கிடையாது, பையன்கள் அவரை 'கோச்' என்றுகூடக் கூப்பிடக் கூடாது, வெறும் ஜான். மொத்தம் 489 வெற்றி!

எங்கள் ஆட்கள் அந்த ரகம் இல்லை. ஒரு பருவத்தில் 10 ஆட்டத்தில் 8 தோல்வி, ஆனாலும் கோச்சின் வேலைக்கு ஆபத்து வரவில்லை, சேர்க்கை எண்ணிக்கை நன்றாக இருந்ததால். எனக்கு உறுத்தியது வேறு. ஒரு ஆட்டத்தில்கூட இறங்காமலே படிப்பை விட்டுப் போகிற பையன்கள் கடைசியாக வருவது என் மேஜைக்குத்தான், கல்விக் கடனை எப்படித் திருப்பிக் கட்டுவது என்று கேட்டுக்கொள்ள.

அப்படி ஒருவன் வந்த அன்று, அந்தத் துணை கோச் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பையன் கையெழுத்துப் போட்டு முடித்ததும் அவன் பெட்டிகளைத் தன் காரில் ஏற்றி பஸ் நிலையத்தில் விட்டுவந்தார். மறுநாள் காலை எட்டரைக்கு இன்னொரு பையனின் ஃபைலோடு என் மேஜை முன்னால் நின்றார்.