ஆறு ஜோன் ஹீட்டர் பேனலை ஒன்பதாக்கியபோது

பிவிசியை உருக்கிப் பைப்பாகத் தள்ளும் எக்ஸ்ட்ரூடரில் பெரிய டை (பைப்புக்கு வடிவம் தரும் அச்சு) மாட்டியதால் மூன்று ஜோன் (தனி ஹீட்டரோடு சூடாகும் பகுதி) கூட்ட வேண்டியிருந்தது. பழைய ஆறும் தலா 2 கிலோவாட், புதியவை தலா 1.5. சூடாக்குவது சுலபம். கோளாறு வந்தால் சூட்டை நிறுத்த வழி செய்வதற்குத்தான் பாதி நேரம் போனது.

முதலில் லோடு கணக்கு. 230 வோல்ட்டில் 2 கிலோவாட்டுக்கு 8.7 ஆம்பியர், 1.5-க்கு 6.5. ஃபேஸுக்குப் பழையது இரண்டு, புதியது ஒன்று என்று பிரித்தால் 24 ஆம்பியர். 32 ஆம்பியர் மெயின் எம்சிபி (கரன்ட் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) தாங்கும். நியூட்ரலைப் பார்த்ததும்தான் திக்கென்றது. ஃபேஸ் ஒயர் 6 சதுர மி.மீ., நியூட்ரல் வெறும் 2.5. மூன்று ஃபேஸும் சமமாக இருந்தால் நியூட்ரலில் கரன்ட் இருக்காது என்ற கணக்கில் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஹீட்டர்களை இயக்கும் எஸ்எஸ்ஆர்கள் (அசையும் பாகமில்லாத எலக்ட்ரானிக் ரிலேக்கள்) தனித்தனியாக ஆன்-ஆஃப் ஆகும்போது ஒரு ஃபேஸின் முழு கரன்ட்டும் நியூட்ரலில் திரும்பும். ஒயர் முனையிலுள்ள லக் கருகி நியூட்ரல் விட்டுப்போனால் சில ஹீட்டர்களுக்கு 400 வோல்ட் வரைகூட ஏறலாம். அப்போது பவர் மூன்று மடங்கு. நியூட்ரலையும் 6 ஆக்கிய பிறகே அடுத்த வேலை.

எஸ்எஸ்ஆரில் ஆம்பியருக்கு ஒரு வாட்டுக்குமேல் வெப்பமாகும். ஒன்பதும் சேர்ந்தால் பெட்டிக்குள் 80 வாட் பல்பு எரிகிற மாதிரி. 6.5 ஆம்பியருக்கு 25 ஆம்பியர் எஸ்எஸ்ஆர், தனி ஹீட் சிங்க், ஃபின்கள் செங்குத்தாக. ஷார்ட் ஆனால் எம்சிபி விழுவதற்குள் எஸ்எஸ்ஆர் போய்விடும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஃபாஸ்ட் ஃபியூஸ்.

எஸ்எஸ்ஆர் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட்டாகவே கெடும். சூட்டைப் பார்த்து எஸ்எஸ்ஆரை இயக்கும் கன்ட்ரோலர் ஆஃப் காட்டும், ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும்; மூச்சை அடைக்கும், டையையும் அரிக்கும். அதனால் புதிய கன்ட்ரோலர்களின் ஹை அலாரம் கான்டாக்டுகளை ஹீட்டர்களுக்குப் பவர் கொடுக்கும் மெயின் கான்டாக்டரின் (காயிலால் இழுக்கப்படும் பெரிய சுவிட்ச்) காயில் லைனில் சீரிஸாகக் கோர்த்தோம். ஜோன் கூட்டுகிறவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். நார்மலில் அலாரம் ரிலே இழுத்திருக்க வேண்டும், அலாரத்தில் விட வேண்டும். அப்போதுதான் ஒயர் அறுந்தாலும் பவர் போகும். சென்சார் குழியிலிருந்து நழுவினால் இந்த அலாரமும் ஏமாந்துபோகும். எனவே டையில் தனி சென்சாரோடு ஒரு ஓவர் டெம்பரேச்சர் ரிலே.

அடுத்தது தெர்மோகப்பிள், அதாவது இரு வேறு உலோகக் கம்பிகளால் ஆன சூட்டு சென்சார். கன்ட்ரோலரில் டைப் ஜே செட் ஆகியிருக்க, டைப் கே சென்சார் மாட்டினால் டிஸ்ப்ளே 190 காட்டும், டை சுமார் 240-ல் இருக்கும். காந்தம் வைத்துப் பாருங்கள்: ஜே-யின் பாசிட்டிவ் கம்பி இரும்பு, நன்றாக ஒட்டும்; கே-யில் நெகட்டிவ் மட்டும் லேசாக ஒட்டும். நடுவில் சாதா காப்பர் ஒயர் சேர்க்கக் கூடாது, கன்ட்ரோலர் டெர்மினல் வரை அந்தந்த டைப்பின் கேபிள்தான்.

பவர் கொடுக்கும் முன் ஹீட்டர்களை 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) பார்க்க வேண்டும். சும்மா கிடந்தது ஈரம் இழுத்திருக்கும். ஒரு மெகாஓமுக்குக் கீழே இருந்தால் கழற்றி உலர்த்துங்கள். ஆஃப் ஆன எஸ்எஸ்ஆரிலும் லீக்கேஜ் வரும், ஐசோலேட்டரை (பவரை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆஃப் செய்து பூட்டாமல் கை வைக்கக் கூடாது.

பிறகு ஒவ்வொரு ஜோனாக 60 டிகிரிக்குச் சூடாக்கிப் பார்த்தோம். ஏழாவதை ஆன் செய்து எட்டாவது டிஸ்ப்ளே ஏறினால் ஒயர் மாறியிருக்கிறது. கடைசியாக, அலாரம் அளவை ஓடுகிற சூட்டுக்குக் கீழே இறக்கிப் பார்த்தோம். மூன்றிலும் கான்டாக்டர் டக்கென்று விழுந்தது. மறுநாள் ஆறிய பிறகு எல்லா டெர்மினல் ஸ்க்ரூவையும் மறுபடி முறுக்கினோம். அதில் நான்கு ஸ்க்ரூக்கள் கால் சுற்று இறங்கின.